கரையில் யாருக்கு முதல் இடம்?



நம் பள்ளத்தூரில் கடல் கிடையாது. அலைச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் தொண்டிப் பக்கம் பஸ் ஏற வேண்டும். அப்படியிருக்க, கடற்கரையில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி உங்களிடம் ஏன் பேச வேண்டும் என்று கேட்கிறீர்களா? கதையைக் கேளுங்கள். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

கோடை விடுமுறையில் என் அக்கா பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் ஒரு கடற்கரைக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. கேட்க வேண்டுமா? திருவிழாக் கூட்டம்! ஒரு பக்கம் மீனவர்களின் படகுகள் வரிசையாக நின்றன. இன்னொரு பக்கம் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். நடுவில் கொஞ்சம் இடம்தான் மணலாக இருந்தது. குளிக்க வந்தவர்களும் அங்கேதான் இறங்கினார்கள். கயாக் ஓட்ட வந்தவர்களும் அங்கேதான் இறங்கினார்கள்.

கயாக் தெரியும்தானே? ஒருவரோ இருவரோ உட்காரும் ஒல்லியான படகு. இரண்டு முனையிலும் தட்டையாக இருக்கும் ஒரே துடுப்பால் வலமும் இடமும் மாறி மாறித் தள்ளுவார்கள். பனிக்கடலில் வேட்டைக்குப் போக இனுயிட் மக்கள் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த படகு இது. இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. நம் 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குப் போனது போல, அவர்களுடைய 'கயாக்' உலகமெங்கும் போய்விட்டது.

என் அக்கா மகன் இடுப்பளவு தண்ணீரில் நின்று குதித்துக்கொண்டிருந்தான். கரைக்குத் திரும்பிய ஒரு கயாக்கை அலை பின்னாலிருந்து தூக்கியது. அது சடாரென்று குறுக்கே திரும்பி, உருண்டு வந்து, அவன் தோளை உரசிக்கொண்டு போனது. நல்லவேளை, சிராய்ப்போடு தப்பித்தான்.

உடனே வாய்ச்சண்டை!

"பார்த்து ஓட்டக் கூடாதா? குழந்தைகள் குளிக்கிற இடம்!" என்றார் ஒருவர்.

"படகு ஏறி இறங்குகிற வழியில் நின்றால் நாங்கள் என்ன செய்வது?" என்றார் கயாக் ஓட்டியவர்.

இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. அப்போது மணலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து சத்தம் போட்டார்: "ரெண்டு பேரும் தள்ளுங்கப்பா! படகு கரை ஏறணும்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அலைக்கு அப்பால், மீனோடு வந்த ஒரு ஃபைபர் படகு, கரையில் வழி கிடைக்காமல் காத்துக்கொண்டிருந்தது. அவர்களை யாருமே நினைக்கவில்லை!

ஊருக்குத் திரும்பியதும் இந்தக் கதையைத் தெருப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஊருணிப் படியில் உட்கார்ந்து பெரிய பட்டிமன்றமே நடந்தது. "கயாக் ஓட்டுகிறவர்கள் வாடகை கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் இடம்" என்றான் ஒருவன். "யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்கு" என்றாள் ஒருத்தி. "குளிக்கிறவர்கள்தான் அதிகம் பேர், ஓட்டுப் போட்டால் அவர்கள் ஜெயிப்பார்கள்" என்றது ஒரு வாண்டு.

இந்த மூன்றையும் நான் ஏற்கவில்லை. ஏன் தெரியுமா?

பணம் கொடுத்தது படகுக்கு, கடலுக்கு அல்ல. கடற்கரை எல்லாருக்கும் பொது. முதலில் வந்தவருக்கே இடம் என்றால், பரம்பரை பரம்பரையாக அங்கே தொழில் செய்யும் மீனவர்தான் எல்லாருக்கும் முதலில் வந்தவர். நீங்களும் நானும் இறங்கவே முடியாது. அதிகம் பேர் இருக்கும் பக்கமே சரி என்றால், தனியாக வருகிற ஒருவருக்கு எந்தக் காலத்திலும் நியாயம் கிடைக்காது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? என் கருத்து இதுதான்: யாரால் எளிதாக விலக முடியுமோ, அவர்தான் விலக வேண்டும்.

இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. கடலில் கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க 1972-ஆம் ஆண்டு உலக நாடுகள் கூடி விதிகள் வகுத்தன. அதில் ஒரு விதி என்ன சொல்கிறது? எஞ்சின் வைத்த கப்பல், பாய்மரக் கப்பலுக்கு வழிவிட வேண்டும். வலை விரித்து மீன் பிடிக்கும் படகுக்கு அந்த இரண்டுமே வழிவிட வேண்டும். ஏனென்றால் எஞ்சின் கப்பல் நினைத்த பக்கம் திரும்பலாம். பாய்மரக் கப்பல் காற்றை நம்பி இருக்கிறது. வலையோடு இருப்பவரால் சட்டென்று திரும்பவே முடியாது. பெரியவர், சின்னவர், பணக்காரர், ஏழை என்ற கணக்கே அங்கே இல்லை பார்த்தீர்களா?

இதை நம் கரைக்குக் கொண்டுவருவோம். அலையைத் தாண்டிய அமைதியான தண்ணீரில், துடுப்பு வைத்திருப்பவர் நீந்துபவரைவிட வேகமாகப் போவார், எளிதாகத் திரும்புவார். நீந்துபவருக்கோ தலை மட்டும்தான் வெளியே தெரியும். வெயில் தண்ணீரில் பட்டு மின்னும்போது, அந்தத் தலை தேங்காய் மிதப்பது போலத்தான் இருக்கும். ஆகவே அங்கே கயாக் ஓட்டுபவர்தான் பார்த்து விலக வேண்டும். இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அலை உடைகிற இடத்தில் கதை மாறுகிறது! பின்னாலிருந்து அலை தூக்கிவிட்டால், கயாக் குறுக்கே திரும்பிவிடும். பிறகு துடுப்பு பேச்சைக் கேட்காது. உள்ளே குழிவான படகாக இருந்து தண்ணீர் புகுந்துவிட்டால் இன்னும் ஆபத்து. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 200 லிட்டர் புகுந்தால் 200 கிலோ! அதை அலை உருட்டிக்கொண்டு வரும்போது எதிரே நிற்பவர் கதி என்ன? படகில் இருப்பவர் நல்லவராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இடத்தில் "நீ பார்த்து ஓட்டு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அங்கே இருவரும் கலக்கவே கூடாது. குளிக்க ஓர் இடம், படகுக்கு ஓர் இடம் என்று பிரித்துவிட வேண்டும்.

உலகம் இதைத்தான் செய்கிறது. ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளை நட்டு வைப்பார்கள். அவற்றுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். உயிர்காப்பாளர்களின் கண் அங்கேதான் இருக்கும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி இருந்தால், அது அலைப்பலகைக்கும் துடுப்புப் படகுக்குமான எல்லை என்று பொருள்.

அவ்வளவு தூரம் ஏன்? சென்னைக்குத் தெற்கே கோவளம் இருக்கிறதே, அது மீனவர் கிராமம். அங்கே 2012-ஆம் ஆண்டு மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். 2021-ஆம் ஆண்டு அந்தக் கடற்கரைக்கு 'நீலக்கொடி' என்ற உலக அளவிலான சான்று கிடைத்தது. 1985-ஆம் ஆண்டு பிரான்ஸில் தொடங்கிய திட்டம் அது. மணல் சுத்தமாக இருக்க வேண்டும், தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதோடு அந்த விதிகள் நிற்கவில்லை. கடற்கரையைப் பலவிதமாகப் பயன்படுத்துவோர் ஒருவரோடு ஒருவர் மோதாதபடி ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. குப்பை கிடக்கக் கூடாது என்பதைப் போலவே சண்டையும் கூடாது!

இப்போது நம் ஊருக்கு வருவோம். கடலே இல்லாத நமக்கு இந்தப் பாடம் புதிதா? இல்லவே இல்லை!

என் அப்பத்தா சொல்வார்கள்: "குடிதண்ணி ஊருணியில கால் நனைக்கக் கூடாது." அதில் குடத்தை முக்கி எடுப்பதோடு சரி. குளிக்க, துவைக்க வேறு ஊருணி. மாடு குளிப்பாட்ட வேறு குளம். மழை குறைந்த சீமை இது. ஓட்டில் விழுந்த மழையை முற்றத்தில் பிடித்துக் கிணற்றுக்கும் ஊருணிக்கும் அனுப்பியவர்கள் நம் முன்னோர்கள். ஒரே தண்ணீரில் எல்லாரும் எல்லாமும் செய்தால் யாருக்குமே பயன்படாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் வேலைக்கு ஒன்றாகப் பிரித்தார்கள்.

ஆனால் குட்டீஸ், இன்னொன்றையும் நான் மறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் தண்ணீரை வேலை பார்த்து மட்டும் பிரிக்கவில்லை. பிறப்பைப் பார்த்தும் பிரித்தார்கள். 'இந்தச் சாதிக்காரர் இந்தக் குளத்தில் இறங்கக் கூடாது' என்று நாட்டின் பல ஊர்களில் தடுத்தார்கள். அதை எதிர்த்துத்தான் 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி, மகாராஷ்டிரத்தில் மஹாத் என்ற ஊரின் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். வழக்கு நீதிமன்றம் வரை போய், 1937-ஆம் ஆண்டு அந்த மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

ஆகவே கவனமாக இருக்க வேண்டும். 'இங்கே குளிக்கலாம், அங்கே படகு விடலாம்' என்பது பிரிப்பது. 'நீ இங்கே வரவே கூடாது' என்பது விலக்குவது. முதலாவது உயிரைக் காக்கும். இரண்டாவது மனிதரை அவமதிக்கும். கடற்கரையில் கோடு போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. விடுமுறைக்கு வந்தவர்களுக்காக மீனவரை விரட்டினால் அதுவும் விலக்குவதுதான். நமக்கு அது விளையாட்டு. அவருக்கு அதுதான் அன்றைய சோறு. இடம் போதவில்லையா? நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாமே! படகுகள் கரை ஏறும் நேரத்தை அந்த ஊர்க்காரரிடம் கேட்டால் அவரே சொல்லுவார். அந்த நேரத்தில் நாம் மணல் வீடு கட்டலாம்.

அடுத்த முறை கடலுக்குப் போனால் இவற்றை நினைவில் வையுங்கள்:

1. பெரியவர் துணையில்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். குளிக்கக் கூடாது என்று பலகை இருந்தால் இறங்கவே வேண்டாம்.

2. படகு இறங்கும் வழியில் நிற்காதீர்கள். உருண்டு வரும் படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

3. கூட்டத்தில் இடம் தேடி, அலையே உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்துக்கு ஓடாதீர்கள். அங்கேதான் தண்ணீர் ஆளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் இருக்கக்கூடும்.

4. கயாக்கில் ஏறினால் மிதவை அங்கி கட்டாயம். கரைக்குத் திரும்பும் முன் அலைக்கு வெளியே நின்று, வழியில் தலைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் காத்திருங்கள்.

5. மீனவர் படகு வந்தால், அவர் கேட்கும் முன்பே விலகுங்கள்.

கடலுக்குப் போக வாய்ப்பு இல்லையா? கவலை வேண்டாம். உங்கள் பள்ளி மைதானம் இருக்கிறதே! எட்டாம் வகுப்பு அண்ணன்கள் கிரிக்கெட் ஆட, அதே இடத்தில் மூன்றாம் வகுப்பு வாண்டுகள் ஓடிப்பிடித்து விளையாட, பந்து ஒரு வாண்டின் மண்டையைப் பதம் பார்க்க... தினமும் நடப்பதுதானே? மட்டையைச் சுற்றுகிறவரால் நிறுத்த முடியும். முதுகைக் காட்டி ஓடுகிற குழந்தைக்குப் பந்து வருவதே தெரியாது. அப்படியானால் யார் பார்த்து நிறுத்த வேண்டும்?

என் அக்கா மகனின் தோள் ஆறிவிட்டது. "அடுத்த தடவை நான் கயாக் ஓட்டுவேன் மாமா" என்கிறான். "ஓட்டு. ஆனால் தண்ணீரில் உன்னைப் போல ஒரு பையன் நிற்பான், ஞாபகம் வைத்துக்கொள்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவன், தோளைத் தடவிக்கொண்டே தலையாட்டினான்.

நீங்கள் என்ன தீர்ப்பு சொல்கிறீர்கள்? நாளைக்கே உங்கள் மைதானத்தில் சொல்லிப் பாருங்கள்!