பஞ்சகனி மாணவரின் பியானோ

2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6ஆம் நாள் மாலை, இலண்டன் மாநகரிலுள்ள சோத்பீஸ் ஏல மனையில் கறுப்பு நிறப் பியானோ ஒன்று ஏலத்திற்கு வந்தது. 20 இலட்சம் முதல் 30 இலட்சம் பவுன் வரை போகும் என்று ஏலத்தார் மதிப்பிட்டிருந்தனர். அவ்வளவு உயரம் ஏறவில்லை. கட்டணங்கள் உட்பட 17,42,000 பவுனில் முடிந்தது. நம் நாணயத்தில், அன்றைய கணக்குப்படி, ஏறத்தாழ 18 கோடி ரூபாய். அதே வகைப் பழைய பியானோ ஒன்றை வேறிடத்தில் வாங்குவோருக்கு இத்தொகையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. எஞ்சியதெல்லாம் அதனைத் தொட்ட விரல்களுக்கான விலை எனலாம். அவ்விரல்களுக்கு உரியவரோ 1991ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாளே மறைந்துவிட்டார்.

அவர் பிரெடி மெர்க்குரி. ‘குவீன்’ என்னும் ஆங்கில இசைக் குழுவின் பாடகர். அதனினும் மேலாகப் பாடல் புனைந்தவர். மேனாட்டு இசையில் நாட்டமில்லாத அன்பர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இவர் நமக்கு முற்றும் அந்நியர் அல்லர். பெற்றோர் இட்ட பெயர் பரூக் புல்சாரா. குஜராத்தில் புல்சார் என்று வழங்கி இன்று வல்சாடு எனப்படும் ஊரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட பார்சி குலத்தவர். தந்தையார் ஆங்கில அரசின் பணியில் காசாளராக ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சான்சிபார் தீவில் இருந்தமையால், 1946ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் அங்கே பிறந்தார்.

எட்டு வயதில் அப்பிள்ளையைக் கடல் கடந்து இந்நாட்டிற்கு அனுப்பினர். சேர்த்த இடம் சதாரா மாவட்டத்து மலையூராகிய பஞ்சகனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி. பம்பாய், பூனா வாழ் நம் அன்பர்கள் கோடை விடுமுறைக்குச் சென்று ஸ்ட்ராபெரிப் பழம் வாங்கிவரும் அதே ஊர்தான். பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்து, பிள்ளையின் படிப்பிற்காக அவனை விடுதியில் விட்டுத் திரும்பிய பெற்றோர் நம்மிடையே பலர் உளர். அத்தாய் தந்தையர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை அவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பஞ்சகனியில்தான் அவர் முறையாகப் பியானோ பயின்று தேர்வுகளும் எழுதினார். தோழர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு பள்ளியிலேயே ஒரு சிறு குழு அமைத்தார். அதிலும் அவர் பணி பியானோ வாசிப்பதே. ‘பிரெடி’ என்னும் பெயரும் பள்ளித் தோழர் வாயில் பிறந்ததே. 1964ஆம் ஆண்டு சான்சிபாரில் புரட்சி வெடிக்கவே, குடும்பம் உடைமைகளை விட்டு இங்கிலாந்து சென்று, இலண்டனுக்கு அருகே பெல்தம் என்னுமிடத்தில் குடியேறியது. குஜராத்திலிருந்து ஆப்பிரிக்கா, அங்கிருந்து மகாராட்டிர மலை, மீண்டும் தீவு, பின்னர் இலண்டன். ஒரு குடும்பத்திற்கு எத்தனை ஊர்!

நிற்க, பியானோவுக்கு வருவோம். அதுவும் புலம்பெயர்ந்து வந்ததே. ஐரோப்பியர் படைத்த இக்கருவியைச் சப்பானியர் தம் நாட்டில் செய்து ஐரோப்பாவுக்கே விற்றனர். செய்த நிறுவனம் யமகா. நம் தெருக்களில் ஓடும் யமகா மோட்டார் சைக்கிளின் தொட்டி மீது வட்டத்துள் மூன்று கவைகள் குறுக்கிட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அவை இயந்திரக் கருவிகள் அல்ல; சுருதி பார்க்கும் இசைக்கவைகள். டொரகுசு யமகா என்பவர் 1887ஆம் ஆண்டு பழுதுபட்ட ஆர்கன் ஒன்றைச் செப்பனிட்டதில் தொடங்கிய இசைத் தொழில் அது. வண்டி பின்னால் வந்தது.

மெர்க்குரி இதனை வாங்கியது 1975இல். அக்காலத்தில் அவர் பெருஞ்செல்வர் அல்லர். சிறு இல்லத்தில் அடங்கக்கூடிய அளவில் ஒரு நல்ல கருவியை நாடினார். கிடைத்தது, ஐந்தரை அடிக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள இச்சிறு கிடைப் பியானோ. பிற்காலத்தில் மாளிகை வாங்கும் நிலை வந்தபோதும் இதனை மாற்றினாரல்லர். இல்லம் மாறும்தோறும் உடன் வந்து, இறுதியில் கென்சிங்டனில் ‘கார்டன் லாட்ஜ்’ என்னும் அவரது மாளிகையில் நிலைத்தது. அதன்மீது எவரும் மதுக் கிண்ணம் வைத்தல் கூடாது. அருகே நின்று புகை பிடித்தலும் கூடாது. விருந்துக்கும் கூத்துக்கும் பெயர்போன ஒரு வீட்டில் இவ்விதி நிலவியது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வீணையைக் கால் படாமல் காக்கும் நம் மரபை அவர் பஞ்சகனியில் எங்கேனும் கண்டிருப்பாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. சான்று ஏதுமில்லை, வெறும் ஆசைதான்.

அவர் பெயரை நிலைநாட்டிய ‘பொஹீமியன் ராப்சோடி’ என்னும் பாடல் 1975ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. ஏறக்குறைய ஆறு நிமிடம் நீளும் அப்பாட்டை வானொலியார் ஒலிபரப்பமாட்டார் என்று அஞ்சியோர் உண்டு. அதுவோ இங்கிலாந்தில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. இசைத்தட்டில் நாம் கேட்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த வேறொரு பியானோ. பாட்டு உருப்பெற்றதுதான் இல்லத்துப் பியானோவில். அரங்கில் கைதட்டல் பெறும் வீணை ஒன்று, விடியற்காலையில் தனியே பயிலும் வீணை மற்றொன்று என்று வைத்திருக்கும் வித்துவான்களுக்கு இவ்வேறுபாடு விளங்கும். அப்பாட்டின் வரிகளை அவர் எழுதித் திருத்திய தாள்களும் அதே மாலையில் தனி உருப்படியாக 13,79,000 பவுனுக்கு விலைபோயின. விமான நிறுவனம் ஒன்றன் பழைய நாட்காட்டித் தாள்கள் அவை. வறுமையோ சிக்கனமோ, அறியோம்.

அவர் இறந்தபின் மாளிகையும் அதிலிருந்த பொருளனைத்தும் மேரி ஆஸ்டின் என்னும் அம்மையாரைச் சேர்ந்தன. இளமையில் அவரோடு இல்லம் பகிர்ந்தவர். இறுதிவரை உற்ற தோழியாக இருந்தவர். அம்மையார் அவ்வீட்டை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதும் மாற்றாமல் காத்தார். பின்னர், தம் காலத்திலேயே யாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்றும், விற்பதானால் சிலவற்றை ஒளித்துவைத்துச் சிலவற்றை விற்றல் தகாது என்றும் கூறி, மொத்தமும் ஏலத்திற்கு விட்டார். மீசை சீவும் சிறு சீப்பு முதல் தோட்டத்துக் கதவு வரை விலையாயிற்று. ஏலத்திற்கு முன் ஒரு திங்கள் அளவும் அவையெல்லாம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஏறத்தாழ 1,40,000 பேர் வந்து கண்டனர். வருவாயில் ஒரு பகுதி, அவரைக் கொண்டுபோன எய்ட்ஸ் நோயை எதிர்த்துப் பணிபுரியும் அறக்கட்டளைகளுக்குச் சென்றது.

குழுவில் உடனிருந்த பிரையன் மே அவர்களோ, தம்மால் அக்காட்சியைப் பார்க்க இயலவில்லை என்று வருந்தி எழுதினார். அவர் வருத்தம் நியாயமே. ஆயினும் அம்மையாரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. இறந்தவர் வீட்டைக் காட்சிக் கூடம்போல் முப்பது ஆண்டு காப்பது எளிதன்று. காப்பவர் தம் வாழ்வையும் அதனுள் பூட்டிக்கொள்கிறார். பாட்டனார் வாசித்த ஆர்மோனியத்தைப் பரணில் ஏற்றிவைத்து, மாற்றலாகும் ஊர்தோறும் லாரியில் ஏற்றி இறக்கும் இல்லத்தரசிகள் அதன் சுமையை அறிவர். விற்றதில் எனக்கு வருத்தமில்லை. வாங்கியவர் பெயர் அன்று வெளியிடப்படவில்லையே, அதுதான் உறுத்துகிறது. யார் வீட்டில், எந்த அறையில், கட்டைகளை ஒருவர் தொடும் நிலையிலா, மூடியிட்டா?

பியானோ என்பது பூட்டிவைக்கும் பொருளன்று. உள்ளே 200க்கு மேற்பட்ட உருக்குத் தந்திகள். அவற்றின் மொத்த இழுவிசை 15 டன்னுக்கும் மேல். அவ்விசையைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம். ஓசையைப் பெருக்க மெல்லிய மரப்பலகை. காற்றின் ஈரம் ஏறினால் பலகை உப்பும்; வறண்டால் சுருங்கும்; சுருதி நழுவும். சுத்தியல்களைப் போர்த்திய கம்பளியைப் பூச்சி அரிக்கும். மழைக்காலப் பம்பாயில் பியானோ வைத்திருப்போரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வர். ஆண்டுக்கு இருமுறையேனும் சுருதி கூட்ட வேண்டும். எவரேனும் வாசித்துவரவும் வேண்டும்.

இத்தகைய மற்றொரு பியானோ சென்ற வழி வேறு. ‘பீட்டில்ஸ்’ குழுவின் ஜான் லெனன் 1970இல் வாங்கிய பழுப்பு நிற நிமிர்ந்த ஸ்டைன்வே அது. ‘இமாஜின்’ பாடலை அவர் புனைந்தது அதில்தான். திரைப்படத்தில் காணும் வெண்ணிறப் பெரும் பியானோவில் அன்று. 2000ஆம் ஆண்டு அது ஏலத்திற்கு வந்தபோது ஜார்ஜ் மைக்கேல் என்னும் பாடகர் ஏறத்தாழ 14.5 இலட்சம் பவுனுக்கு வாங்கினார். வாங்கியவர், இதனை மறைத்துவைத்தல் ஆகாது, மக்கள் காண வேண்டும் என்றார். தம் பாட்டு ஒலிப்பதிவுக்கும் பயன்படுத்தினார். 2006, 2007ஆம் ஆண்டுகளில் அது அமெரிக்கா சென்று, கென்னடி சுடப்பட்ட டல்லாஸ், மார்ட்டின் லூதர் கிங் வீழ்ந்த மெம்பிஸ் முதலிய இடங்களில், அமைதியை வேண்டி, வெட்டவெளியில் நின்றது.

மைக்கேல் 2016இல் காலமானார். 2020ஆம் ஆண்டின் இறுதியில் அப்பியானோ லிவர்பூல் நகரில் ‘ஸ்ட்ராபெரி பீல்டு’ என்னுமிடத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டது. அனாதைப் பிள்ளைகளின் இல்லமாக இருந்த இடம் அது. லெனன் சிறுவனாக வளர்ந்த வீட்டிற்கு நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது. அதன் தோட்டத்தில் அவர் விளையாடியதுண்டு. இப்பியானோவுக்கு மெர்க்குரியின் பியானோவுக்கு இருந்த கட்டுக்காவல் ஏதும் இருந்ததில்லை. சிகரெட் சுட்ட தழும்புகள் அதன் மரத்தில் இன்னமும் உள்ளன.