இருமல் மருந்துக்கு முன்னே மூச்சை எண்ணுங்க!

வைத்திக்குப்பமானாலும் வேறு எந்தக் குப்பமானாலும் சரி, பிள்ளைக்கு இருமல் என்றால் முதல் ஓட்டம் மருந்துக் கடைக்குத்தான். "இருமல் மருந்து ஒண்ணு குடுங்கண்ணே!"

2025-ல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்து 20-க்கும் மேற்பட்ட பிஞ்சுகள் மாண்டன. அந்த மருந்து தயாரானது காஞ்சீபுரம் மாவட்டத்தில்!

வெறும் சளியா, நிமோனியாவா? சந்தேகம் வந்தால் முதலில் ஒரு கடிகாரம் போதும். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. இதைத் தொட்டாலே ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது.

மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா? பால் குடிக்க மறுக்கிறதா? உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டியதுதான். எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரியும், கோரிமேடு ஜிப்மரும் ஆட்டோ தூரம்தானே!

காற்று திசை மாறினால் கரையில் நின்றே சொல்லிவிடுகிற ஜனங்களுக்கு, பிள்ளையின் மூச்சு மாறுவதா தெரியாமல் போகும்? சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அங்கன்வாடிதோறும் தாய்மாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர சுகாதாரத் துறை முன்வருமா?