படபடப்பு போச்சு, ஆபத்து போகல!

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. நாடி தாறுமாறாக ஓடுகிறது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து டாக்டர் மாத்திரை எழுதுகிறார். ஒரு மாதத்தில் படபடப்பு அடங்கி விடுகிறது. "அதான் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று பலர் நிறுத்தி விடுகிறார்கள்.

விபரீதம் அங்கேதான் ஆரம்பம்!

இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் வெடவெடவென்று நடுங்குவதுதான் இந்த நோய். டாக்டர்கள் இதை 'ஏட்ரியல் பிப்ரிலேஷன்' என்கிறார்கள். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் ரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம். வாய் கோணும், கை கால் விழும். மற்றவர்களை விட இவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு என்று அமெரிக்காவில் பிரமிங்காம் ஊரில் நடந்த ஆராய்ச்சி 1991-ல் சொன்னது.

டாக்டர் கொடுப்பது பெரும்பாலும் இரண்டு வகை மாத்திரை. ஒன்று துடிப்பை அடக்க. அதன் பலன் சீக்கிரமே தெரியும். இன்னொன்று ரத்தம் உறையாமல் இருக்க. அது வேலை செய்வது யார் கண்ணுக்கும் தெரியாது. பக்கவாதம் வராமல் இருப்பதுதானே அதன் வேலை! வராததை எப்படிப் பார்ப்பது? ஆகவே அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். எந்த மாத்திரை எதற்கு என்று எழுதும்போதே அரை நிமிஷம் சொன்னால் டாக்டருக்கு என்ன குறைந்து விடும்?

இந்த இரண்டாவது மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது. வயது, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டே எழுதுகிறார்கள். "ஆஸ்பிரின் போதும்பா" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். போதாது.

'எலி மருந்தாமே' என்ற பயமும் உண்டு. வார்பரின் 1948-ல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் அதையே கொடுத்தார்கள். அளவுதான் வித்தியாசம். அந்த அளவு சரியா என்று பார்க்கத்தான் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை. பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். இதற்காக அடிக்கடி லீவு போட குமாஸ்தாவால் முடியுமா? கடையை யார் பார்ப்பது? காலை 7 மணிக்கே ரத்தம் எடுத்தால் பாதிப் பேர் தவறாமல் வருவார்கள். கீரையை அடியோடு விட வேண்டாம். ஒரு வாரம் மூட்டை, மறு வாரம் பூஜ்யம் என்று சாப்பிடுவதுதான் தப்பு.

பரிசோதனை வேண்டாத புது மாத்திரைகளும் உண்டு. பலருக்கு அவை நல்லவையே. ஆனால் சின்ன வயசில் வாதக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்களுக்குப் பழைய மருந்தே மேல் என்று ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் நடந்து 2022-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. பக்கத்து சீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று தானாக மாற்றக் கூடாது.

மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் இதோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம். பல் பிடுங்கப் போனாலும் முன்னாடியே சொல்லி விட வேண்டும். டாக்டரே நிறுத்தச் சொன்னால், மறுபடி எந்தத் தேதியில் ஆரம்பிப்பது என்பதையும் அப்போதே சீட்டில் எழுதி வாங்கிக் கொள்வது நல்லது.