மயிலாப்பூர் கற்பித்த அச்சம்

போதை ஊசி போட்டுக்கொள்பவனின் கையில் புதிய ஊசியைக் கொடுத்து அனுப்புவதா? நஞ்சு அருந்துபவனுக்குக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுப்பதற்கு ஒப்பன்றோ இது? இப்படிக் கேட்கின்றனர் நம் பெரியவர்கள். படித்த வகுப்பார் வேறொன்று சொல்லுகின்றனர்: “அந்த மக்கள் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை, அவர்களது அறியாமைக்கு யார் என்ன செய்ய முடியும்?” இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பது என் துணிபு. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நமது சென்னையிலேதான், ஆண்டு 1986. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் சிக்குண்ட பெண்களின் இரத்தத்தைச் சேகரித்தார். பொது மருத்துவமனைக்கு வந்த பெண்கள் பலர் முகவரிக்குரிய இடத்தில் ‘வி ஹோம்’ என்று எழுதியிருந்தனர். அது என்ன ஊர் என்று விசாரித்த பின்னரே, காவல்துறை பிடித்து அடைத்துவைக்கும் விஜிலென்ஸ் ஹோம் அது எனத் தெரியவந்தது. மயிலாப்பூரில் இருந்த இல்லம் அது. சிறைக்கூடமே முகவரியாகிவிட்டவர்களின் நிலையை வாசகர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையில் ஆறு பெண்களின் இரத்தத்தில் கிருமி இருந்தது. அவ்வாண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் அச்செய்தியை அறிவித்தார். கையுறைகூட இல்லாமல் ஓர் இளம் மருத்துவர் ஆற்றிய அப்பணி நாட்டுக்கே எச்சரிக்கை மணியாயிற்று. அதை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும், எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்று அப்பெண்களிடம் தாம் சொல்லவில்லை என நிர்மலாவே பின்னாளில் கூறியிருக்கிறார். அக்கால வழக்கம் அப்படி.

அதன்பின் நடந்ததோ வழக்கம் என்று சொல்லி மன்னிக்கத்தக்கதன்று. கிருமி கண்டறியப்பட்ட பெண்கள், அவர்களது காவல் காலம் முடிந்த பின்னும், நோய் உண்டு என்ற ஒரே காரணத்துக்காக அடைத்துவைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்ட, 1990இல் அவர்களை விடுவிக்க ஆணை பிறந்தது. இரத்தம் கொடுத்தவளுக்குக் கிடைத்தது மருந்தன்று, பூட்டு! இச்செய்தி சேரிக்குச் சேரி, வாய்க்கு வாய் பரவாமலா இருந்திருக்கும்? வெள்ளை அங்கியைக் கண்டு ஒதுங்குபவனை அறியாதவன் என்கிறோம். அவன் நம்மைவிட நன்கறிந்தவன்.

இனி ஊசிக்கு வருவோம். 2000களின் நடுவில், போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்ளும் சென்னைவாசிகளிடையே ஆய்வு நடந்தது. சுனிதி சாலமன் 1993இல் நிறுவி, தொடக்கக் காலத்தில் தியாகராய நகரில் இயங்கிய ஒய். ஆர். கைதொண்டே மையத்தார் அதில் பங்கு கொண்டனர். அவர்களுள் நால்வரில் ஒருவருக்குக் குறையாமல் எச்.ஐ.வி. இருந்தது, பாதிக்கு மேற்பட்டோர் ஈரலை அரிக்கும் ‘சி’ வகை மஞ்சள்காமாலைக் கிருமிக்கு ஆளாகியிருந்தனர். காரணம் எளிது. சட்டைப்பையில் ஊசி இருந்தால் காவலர் கையில் அதுவே சாட்சி. ஆகவே அவன் ஊசியை வைத்துக்கொள்வதில்லை, அடுத்தவனுடையதை வாங்கிப் போட்டுக்கொள்கிறான். இன்று வலிநீக்கி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் இளைஞர்கள் பிடிபடுவதை நாளேடுகளில் காண்கிறோம். ஊசி அதே ஊசிதான்.

“முதலில் தௌபா, பிறகு உதவி” என்பார்க்கு ஒன்று கேட்பேன்: தௌபா செய்ய அவன் உயிரோடிருக்க வேண்டாமா? அடையாறு இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய மருத்துவமனை, விட்டுவிட விரும்பி வருவோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் ஆற்றிவரும் தொண்டு பெரிது. விட மனம் வராதவன் எங்கே போவான்? அவனுக்காகத்தான் புதிய ஊசியும், மருத்துவப் பணியாளரின் கண்முன் நாவின்கீழ் கரையவைக்கும் புப்ரநார்ஃபின் மாத்திரையும். 2007இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்திலேயே அரசு இம்மாத்திரைச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இசைவின்றி இரத்தம் சோதிப்பதை அது தடுக்கிறது. இடர் குறைக்கும் இத்தகைய பணி குற்றமாகாது என்றும் சொல்கிறது. மயிலாப்பூரில் நேர்ந்த தவற்றுக்கு ஏட்டளவிலேனும் மறுமொழி கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின!

நம் வீடுகளில் நடப்பது என்ன? மகன் வெளியூரில் வேலையாய் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, பேரறியாத ஏதேனும் ஒரு ‘மறுவாழ்வு இல்ல’த்தில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறோம். 2022இல் இராயப்பேட்டையில் அத்தகைய தனியார் இல்லம் ஒன்றில் சேர்க்கப்பட்டவர் அடிபட்டு இறந்தார், அங்கிருந்தோர் கைதாயினர். குடும்ப மானம் காக்க நாம் கொடுக்கும் விலை இது. பூட்டுப் போடுவதில் அரசுக்கு நாம் இளைத்தவர்களல்லர்.

மார்க்கம் இதற்கு இடந்தராது என்று அவசரப்பட்டுச் சொல்வோர் மலேசியாவைப் பார்க்கட்டும்; நம்மவர் பலருக்கு உறவும் வாணிபமும் உள்ள நாடு. அங்கே 2002ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. பதிவாயிற்று, அவர்களுள் பெரும்பாலோர் ஊசியால் தொற்றியவர்கள். 2005இல் மெதடோன் சிகிச்சையும் 2006இல் ஊசி மாற்றித் தரும் பணியும் தொடங்கின. எதிர்ப்பு இல்லாமலில்லை. ஆயினும், அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில், புதிய தொற்றுகளில் ஊசியின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 2010இல் கோலாலம்பூர் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெதடோன் கொடுக்கத் தொடங்கினர். ஈரானில் 2005இல் நீதித்துறைத் தலைவரே, ஊசியும் மெதடோனும் வழங்குவோரைத் தடுக்கலாகாது என்று சுற்றறிக்கை விடுத்தார். இந்நாட்டு ஆலிம்களுக்குத் தெரியாத ஹராம்–ஹலால் நம் தெருத் திண்ணைக்கு மட்டும் தெரிந்துவிட்டதோ?

இராயப்பேட்டையிலோ மயிலாப்பூர்ச் சந்துகளிலோ இத்தகைய பணிக்கு ஓர் அறை வாடகைக்குக் கேட்டு எவரேனும் வந்தால், “எங்கள் மஹல்லாவில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லை” என்று ஜமாஅத்தார் திருப்பி அனுப்புவதற்கு முன், அந்த மஹல்லாவில் கடந்த ஐந்தாண்டில் முப்பது வயதுக்குட்பட்டோரின் ஜனாஸாக்கள் எத்தனை எழுந்தன, ஒவ்வொன்றுக்கும் வீட்டார் சொன்ன காரணம் என்ன என்பதைத் தம் பதிவேட்டில் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.