சோதிக்க யாருக்கு யோக்கியதை?

ஒரு கொத்தனாருக்குச் சுவர் கட்டத் தெரியுமா என்பதை எப்படித் தெரிந்து கொள்வது? கட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கு எந்தச் சாஸ்திரமும் வேண்டியதில்லை. ஆனாலும் காகிதத்தில் எழுதத் தெரிந்தவரே தேர்ந்தவர், கையால் செய்யத் தெரிந்தவர் "படிக்காதவர்" என்றுதான் வெகுகாலமாக உலகம் பேசி வந்திருக்கின்றது.

இங்கிலாந்தில் இவ்வழக்கத்தை ஒருவாறு மாற்ற முற்பட்டார்கள். 1986-ல் தொழில் தகுதிகளுக்கென ஒரு தேசியக் கவுன்சிலை ஏற்படுத்தி, அதன் வழியாக என்.வி.க்யூ. என்னும் தேசியத் தொழில் தகுதியைக் கொண்டுவந்தார்கள். இதில் வேலை நடக்கும் இடமே பரீட்சை மண்டபம். மதிப்பீட்டாளர் என்பவர் அங்கேயே போய், தொழிலாளி செய்வதைப் பார்த்து, ஏன் அப்படிச் செய்தீர் என்று கேட்டு, செய்து முடித்ததையும் சோதித்துத் தீர்ப்புச் சொல்லுகின்றார்.

இவ்வுத்தியோகத்துக்கு வருவதற்கு யோக்கியதை என்ன? பி.ஏ. பட்டமல்ல. முதலாவது, அத்தொழிலைத் தாமே செவ்வையாய்ச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, மதிப்பீட்டாளருக்கென்று உள்ள மூன்றாம் நிலைத் தகுதியைப் பெறவேண்டும். அதைப் பெறும் வரையில், இவர் சொல்லும் தீர்ப்பைத் தகுதி பெற்ற மற்றொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பிறகும் இவருடைய தீர்ப்புகளில் சிலவற்றை எடுத்து வேறொருவர் பரிசோதிப்பார். சோதிப்பவரையும் சோதிக்கும் இவ்வேற்பாட்டை நாம் மனமார மெச்சுகின்றோம்.

சாட்சியம் எதுவானாலும் நான்கு கேள்விகள் உண்டு. கேட்ட திறமைக்கு இது பொருந்துமா? அவர் தாமே செய்ததா? இன்றைக்கும் அத்திறமை அவரிடம் இருக்கின்றதா? இவ்வளவு போதுமா? மேஸ்திரியின் வாக்குமூலத்தையும் வாங்கலாம். அதுவும் இந்நான்குக்கும் உட்பட்டதே. "நல்ல பையன்", "நம்ம ஆள்" என்பவை சாட்சியமாகா.

ஆனால் தோழர்களே, ஆபத்து ஒன்று இருக்கின்றது. பல மதிப்பீட்டாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பது பயிற்சி ஸ்தாபனம். அந்த ஸ்தாபனத்துக்கோ, சர்க்கார் பணத்தில் ஒரு பகுதி ஆள் தேறின பிறகுதான் வந்து சேரும். அப்படியானால் தேறாதவரைத் தேறினவர் என்று எழுதக் கை துடிக்காதா? சான்றிதழைப் பார்த்து நம்பி ஒருவரை வேலைக்கு ஏற்றி, அவர் கட்டின சுவர் விழுந்தால், அதன் கீழே நின்றவர் அந்தக் காகிதத்தைக் குடையாகப் பிடித்துத் தப்புவாரா?

"இன்னும் தேர்ச்சி போதாது" என்பதுதான் அங்கே வழங்கும் தீர்ப்பு. "தோற்றான்" என்று சொல்லுவதில்லை. குறையை எடுத்துக் காட்டி, பழகிக்கொண்டு மறுபடியும் வாரும் என்பதே அதன் பொருள். அதைச் சொல்லக் கூச்சப்படுவது கருணையல்ல, மோசடியே ஆகும்.

ஆதலால் இருபது வருஷம் உழைத்துத் தொழிலை அறிந்தவர்கள், "நாம் படிக்கவில்லையே" என்று பின்வாங்காமல் இவ்வேலைக்கு வரவேண்டும் என்கின்றோம். நாற்காலிக்கும் தயவுக்கும் ஆசைப்படுகின்றவர்கள் வேறு உத்தியோகம் தேடிக்கொள்ளட்டும். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பாராததைப் பார்க்கவில்லை என்றும் எழுதத் துணிவுள்ளவருக்கே இந்தக் கையெழுத்து உரியது.