உருக்கமா, பரிதாபமா?

மனத்தைத் தொட்ட எதற்கும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் வைத்திருக்கிறார்கள். நாடகத்தில் அண்ணனும் தங்கையும் சேர்ந்தால் 'சோ டச்சிங்'. நண்பன் நாசி லெமாக் வாங்கித் தந்தாலும் 'சோ டச்சிங்'தான்.

தவறில்லை. சின்ன அன்புச் செயலுக்கு அது பொருத்தமான சொல். ஒருவரின் தியாகமோ முழு வாழ்க்கையோ நம்மை அசைத்துவிட்டால் 'மூவிங்' என்பார்கள். இந்த இரண்டை வைத்தே பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

வம்பு 'பத்தெட்டிக்'கில் வருகிறது. தெரிந்தவர் வீட்டுப் பெண் ஒருத்தி, பாட்டியின் கருமக்கிரியையில் பேச எழுதியதை என்னிடம் காட்டினாள். பேரப்பிள்ளைகளில் சிலருக்குத் தமிழ் வராது என்பதால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். பால்மரம் சீவி ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவர் அந்தப் பாட்டி. 'உருக்கமான வாழ்க்கை' என்று சொல்ல நினைத்து, 'பத்தெட்டிக் லைஃப்' என்று போட்டிருந்தாள்.

"பழைய அகராதியில அப்படித்தான் இருக்கு அங்கிள்."

அகராதி பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அச்சொல்லுக்கு உருக்கமானது என்றே பொருள். 1799இல் வெளியான பீத்தோவனின் பியானோ சொனாட்டாவுக்கும், 1893இல் அரங்கேறிய சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனிக்கும் இதன் பிரெஞ்சு வடிவமே பெயராக இருக்கிறது. ஆனால் இன்றைய பேச்சில் 'கையாலாகாத, பரிதாபத்துக்குரிய' என்ற ஏளனம்தான் முன்னால் நிற்கிறது. பாட்டியின் படத்துக்கு முன்னால் அதைச் சொல்லலாமா?

படுக்கையில் கிடந்தபோதும் பாட்டி இவளிடம் போனில் கேட்டது "சாப்பிட்டியா?" என்பது மட்டும்தானாம். அந்த இடத்தில் 'பாய்னன்ட்' போடலாம் என்றேன். (எழுதும்போது வரும் 'ஜி' உச்சரிப்பில் கிடையாது.) குத்துவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. இனிய நினைவு, உள்ளே ஒரு முள். 'ஹார்ட்ரெண்டிங்' என்றால் நெஞ்சைக் கிழிப்பது. விபத்துச் செய்திக்குப் பொருந்தும், நிறைவாக வாழ்ந்தவருக்கு வேண்டாம்.

தொடுவது, அசைப்பது, குத்துவது, கிழிப்பது எல்லாம் வெளியிலிருந்து மனத்துக்கு நடப்பவை. உருக்கம் என்றால் மனமே உருகுவது. அதை 'மெல்டிங்' என்று மாற்றினால் பூனைக்குட்டிக் காணொளிக்குத்தான் ஆகும்.

யோசித்துப் பார்த்து, அவள் அந்த வரியையே அடித்துவிட்டாள். பாட்டி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஐந்து பேருக்கும் சமைத்து வைத்துவிட்டு, இருட்டோடு பெரட்டுக்குப் போனதை எழுதினாள்.