பீட்டில்ஸின் பழைய டேப்கள் டிசம்பரில் வெளிவந்தது ஏன்? ஒரு காலக்கெடுவின் கதை

2013-ம் ஆண்டு டிசம்பர் 17. பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமல் ஐட்யூன்ஸில் ஒரு பீட்டில்ஸ் ஆல்பம் வந்து இறங்கியது. மொத்தம் 59 பதிவுகள். எல்லாமே 1963-ல் பாடியவை, அதுவரை அதிகாரபூர்வமாக வெளிவராதவை. கடையில் வாங்க சிடி கிடையாது, டவுன்லோடு மட்டும்தான்.

உலகிலேயே அதிகம் விற்கும் இசைக்குழுக்களில் ஒன்று, 50 வருஷம் பூட்டி வைத்திருந்த சரக்கைக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் சத்தமில்லாமல் வெளியிட வேண்டிய அவசியம் என்ன? ரசிகர்களுக்குப் பரிசா? அப்படியென்றால் ஊரைக் கூட்டித்தானே கொடுத்திருப்பார்கள்! விஷயம் வேறு. அந்த டிசம்பர் 31-ஐத் தாண்டியிருந்தால், ஐரோப்பாவில் அந்தப் பதிவுகளின் மீதான காப்புரிமை காலாவதியாகியிருக்கும்.

முதலில், 'வெளிவராத பதிவு' என்றால் என்ன?

இதில் இரண்டு வகை உண்டு. பாடலை எழுதியவர் அது எப்படி இருக்கும் என்று காட்ட, வீட்டிலோ ஸ்டூடியோவிலோ எளிமையாகப் பாடி வைப்பது டெமோ. ஆல்பத்துக்காக முறையாகப் பதிவு செய்து, கடைசியில் தேர்வாகாமல் போனது அவுட்டேக். இவை கள்ளத்தனமாகக் கசிந்து விற்பனையானால் அதற்குப் பெயர் பூட்லெக்.

2013 ஆல்பத்தில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிபிசி வானொலிக்காகப் பாடியவை. கூடவே ஸ்டூடியோ அவுட்டேக்குகளும், 'பேட் டு மி', 'ஐ'ம் இன் லவ்' என்ற இரண்டு டெமோக்களும் இருந்தன. 'பேட் டு மி' பாடலை பீட்டில்ஸ் வெளியிடவே இல்லை. பில்லி ஜே. கிராமர் பாடி, 1963-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாடல் அது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, வரிக்கும் மெட்டுக்கும் உரியது. எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். இன்னொன்று, ஒலிப்பதிவுக்கு உரியது. நாம் பேசிக்கொண்டிருப்பது இந்த இரண்டாவதைப் பற்றி.

ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை 50 ஆண்டுகளாக இருந்தது. 1950-களின் கடைசியில் புகழ்பெற்ற பாடகர்கள் தங்கள் கண் முன்னாலேயே பழைய ஹிட்களின் உரிமையை இழக்கத் தொடங்கினார்கள். இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் க்ளிஃப் ரிச்சர்டு முக்கியமானவர். 2011-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் காலத்தை 70 ஆண்டாக நீட்டியது. பிரிட்டனில் இது 2013 நவம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பதிவு செய்த 50 ஆண்டுகளுக்குள் வெளியிட்டிருந்தால்தான், வெளியிட்ட நாளிலிருந்து 70 ஆண்டு கிடைக்கும். வெளியிடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தால், 50-வது ஆண்டின் டிசம்பர் 31-ஓடு உரிமை முடிந்தது. டிசம்பர் அவசரத்துக்கு இதுதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மூன்று பீட்டில்ஸ் பதிவுகளை எடுத்துக்கொள்வோம்.

- 'லவ் மி டூ' சிங்கிள்: 1962 அக்டோபரில் வெளியானது. புதிய சட்டம் வருவதற்குள், 2012-ன் முடிவிலேயே ஐரோப்பாவில் இதன் ஒலிப்பதிவு உரிமை போய்விட்டது.
- 'ப்ளீஸ் ப்ளீஸ் மி' ஆல்பம்: 1963 மார்ச்சில் வெளியானது. 2033 முடிவு வரை உரிமை உண்டு.
- 1963-ல் பதிவாகி 2013-ல் முதன்முறையாக வெளியான அவுட்டேக்: 2083 முடிவு வரை உரிமை உண்டு.

கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உலகமே கேட்ட ஆல்பத்தைவிட, அதே ஆண்டு ஒதுக்கித் தள்ளிய டேக்குக்கு 50 ஆண்டுகள் கூடுதல் பாதுகாப்பு! பதிவான நாளிலிருந்து எண்ணினால் மொத்தம் 120 ஆண்டுகள். வயதான இசைக்கலைஞர்களின் வருமானத்துக்காக என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம் இது. பதிவில் வாசித்த எந்தக் கலைஞரும் 120 ஆண்டுகள் கழித்து இருக்கப் போவதில்லை.

100 பிரதிகள் போதுமா?

காலக்கெடு வந்தால் நிறுவனங்கள் என்ன செய்யும்? முடிந்த அளவு குறைவாக வெளியிடும். இதை ஒளிக்காமல் செய்தது சோனி. 1962-ல் பதிவான பாப் டிலன் பாடல்களை 2012 கடைசியில் ஐரோப்பாவில் மட்டும் வெளியிட்டது. ஏறத்தாழ 100 பிரதிகள்தான். அவையும் கம்ப்யூட்டரில் எழுதுகிற சிடி-ஆர் வட்டுகள். தொகுப்பின் பெயரிலேயே 'காப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு' என்று போட்டுவிட்டார்கள்.

பிறகு இது வருஷாந்திர வழக்கமானது. 2013-ல் பீச் பாய்ஸ். 2015-ல் பிங்க் ஃப்ளாய்டின் முதல் பதிவுகள், சுமார் 1,000 இசைத்தட்டுகள் மட்டும். 2019 முடியும் தருவாயில், ரோலிங் ஸ்டோன்ஸின் 1969 பதிவுகள் யூடியூபில் தோன்றி, சில மணி நேரத்தில் மறைந்தன. பார்த்தவர்களுக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

பெயரளவுக்கு வெளியிடுவதை வெளியீடாகக் கருத முடியாது என்று பிரிட்டன் சட்டம் சொல்கிறது. ஆனால் எத்தனை பிரதிகள் என்று எண் எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், 2011 சட்டத்தின் இன்னொரு பிரிவில் 'போதுமான அளவு' என்ற சொல் இருக்கிறது. வெளியான ஆல்பத்தை 50 ஆண்டுகளுக்குப் பிறகு நிறுவனம் போதுமான அளவு விற்பனைக்கு வைக்காவிட்டால், கலைஞர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அந்தச் சொல்லை, வெளிவராத பதிவுக்கு 70 ஆண்டு கொடுக்கும் இடத்தில் சேர்க்கவில்லை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

சரி, உரிமை போனால் டேப் நம் கைக்கு வந்துவிடுமா?

வராது. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது.

1968 ஜூலை 18 அன்று 'ஹெல்டர் ஸ்கெல்டர்' பாடலின் 27 நிமிட டேக் ஒன்று பதிவானது. பீட்டில்ஸ் பதிவு செய்த மிக நீளமான டேக் அதுதான். 50 ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பரில் 'ஒயிட் ஆல்பம்' பெட்டித் தொகுப்பு வந்தது. ஜார்ஜ் ஹாரிசன் வீட்டில் பதிவு செய்த 27 டெமோக்கள் அதில் இருந்தன. அதே பாடலின் சுமார் 13 நிமிட டேக்கும் இருந்தது. ஆனால் அந்த 27 நிமிட டேக் இல்லை.

50 ஆண்டு விதியை அப்படியே பொருத்தினால், 2018-ஓடு அதற்கான ஐரோப்பிய ஒலிப்பதிவு உரிமை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதனால் யாருக்கு என்ன லாபம்? காப்புரிமை முடிந்தால் நகலெடுக்கத் தடை நீங்கும், அவ்வளவே. நகலெடுக்க முதலில் மூலம் வேண்டும். அது நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கிறது. பெட்டகத்தைத் திறக்கச் சொல்ல எந்தச் சட்டமும் இல்லை. ஆக, சட்டப் பூட்டைவிட இரும்புப் பூட்டுதான் பலமானது.

பாடியவருக்கே இஷ்டமில்லை என்றால்?

இது நியாயமான கேள்வி. டெமோ என்பது ஒருவர் தனக்காகப் பாடி வைத்தது. நம்முடைய முதல் டிராஃப்டை யாராவது வெளியிட்டால் நமக்குப் பிடிக்குமா?

1967 ஜனவரியில் பீட்டில்ஸ் பதிவு செய்த, 14 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான 'கார்னிவல் ஆஃப் லைட்' இன்னும் வெளிவரவில்லை. 1990-களில் வந்த 'ஆந்தாலஜி' தொகுப்பில் அதைச் சேர்க்க பால் மெக்கார்ட்னி விரும்பினார், ஹாரிசனுக்குப் பிடிக்கவில்லை. அது அந்தக் குழு எடுத்த முடிவு. மதிக்கலாம்.

எதிர் உதாரணமும் இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் ஜான் லெனன் வீட்டில் கேசட்டில் பாடி வைத்த டெமோ 'நவ் அண்ட் தென்'. 1994-ல் யோகோ ஓனோ அதை மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். மற்ற மூவரும் 1995-ல் முயன்றார்கள். பியானோ ஓசையில் குரல் அமுங்கிப் போயிருந்தது, கூடவே இரைச்சல். கைவிட்டார்கள். பிறகு பீட்டர் ஜாக்சன் குழுவின் மென்பொருள் குரலைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தது. 2023 நவம்பர் 2-ல் பாடல் வெளியாகி, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 2025-ல் கிராமி விருதும் கிடைத்தது. யாரோ அந்தக் கேசட்டைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இது நடந்தது.

எல்லா டேப்புக்கும் அந்தக் கொடுப்பினை இருக்காது. 2008-ல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வளாகத்தில் ஏற்பட்ட தீயில், அங்கே சேமித்திருந்த மூல டேப்களும் எரிந்தன. இழப்பு எவ்வளவு என்பதில் நிறுவனத்துக்கும் அதை அம்பலப்படுத்திய நியூயார்க் டைம்ஸுக்கும் 2019-ல் சர்ச்சையே நடந்தது.

இந்தியாவில் எப்படி?

1957 காப்புரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை. கவனிக்க: பதிவான ஆண்டு அல்ல, வெளியான ஆண்டு. அதாவது, 1970-ல் பதிவாகி இன்றுவரை வெளிவராத டேப் ஒன்று இங்கே ஒரு ஸ்டூடியோவில் கிடந்தால், அதற்குக் கடிகாரம் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. காலக்கெடு இல்லை, எனவே டிசம்பர் அவசரமும் இல்லை. டேப்பில் பூஞ்சை படர்ந்தாலும் கேட்க ஆளில்லை.

அந்த வகையில் ஐரோப்பியச் சட்டம் ஓட்டை என்றாலும், அலமாரியைத் திறந்து பார்க்கவாவது நிறுவனங்களை வைத்தது. 1963-ன் அந்த 59 பதிவுகள் நமக்குக் கிடைத்ததே அதனால்தான்.

அப்படியானால் தீர்வு?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முதலாவது, கூடுதல் ஆண்டுகள் வேண்டுமென்றால் 'போதுமான அளவு' வெளியிட வேண்டும் என்ற சொல்லை இந்தப் பிரிவிலும் சேர்க்கலாம். இரண்டாவது, நீட்டிப்பு பெறும் ஒவ்வொரு பதிவின் நகலையும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பது போன்ற ஒரு பொது ஒலிக்காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்லலாம். உரிமை முடியும்வரை அது அங்கே பூட்டியே இருக்கட்டும். கலைஞரின் விருப்பத்துக்கும் பங்கமில்லை, டேப்பும் அழியாது.

பீட்டில்ஸ் 1970-ல் பிரிந்தார்கள். அவர்களின் ஸ்டூடியோ பதிவுகளுக்கான கடைசிக் கெடு 2020-ஓடு முடிந்துவிட்டது. இப்போது ஓடிக்கொண்டிருப்பது 1970-களின் கடிகாரம். 1972-ன் பிங்க் ஃப்ளாய்டு கச்சேரிகள் 2022 டிசம்பரில் ஸ்ட்ரீமிங் தளங்களில் திடீரென வந்தது நினைவிருக்கலாம். 1976-ல் பதிவானவற்றுக்கு 2026 டிசம்பர் 31 கெடு. உங்களுக்குப் பிடித்த ராக் குழு ஏதாவது ஆண்டு முடிவில் சத்தமில்லாமல் எதையாவது போட்டால், உடனே கேட்டுவிடுங்கள். அடுத்த நாள் அது அங்கே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.